அதிகாரம் யார் கைக்கு வருகிறது? இரட்டைமலை சீனிவாசன் விடாமல் கேட்ட கேள்வி

செங்கல்பட்டு மாவட்டத்தில், மதுராந்தகம் பக்கம், கோழியாளம் என்று ஒரு கிராமம் இருக்கிறது. லண்டன் வட்டமேசை மாநாட்டில் நம் மக்களுக்காகப் பேசிய இரட்டைமலை சீனிவாசன் பிறந்த ஊர் அது. ஜூலை 7 பிறந்த நாள், செப்டம்பர் 18 நினைவு நாள் என்று ஆண்டுக்கு இரண்டு முறை அவர் படத்துக்கு மாலை போடுகிறோம். கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் அஞ்சல் தலையும் வந்தது. ஆனால் அவர் என்ன செய்தார் என்று ஒரு மாணவரைக் கேட்டால், தீண்டாமையை எதிர்த்தார் என்ற ஒரே வரியோடு பதில் நின்றுவிடுகிறது.

அந்த ஒரு வரி போதாது. அரசாங்கம் தன்னிடமுள்ள அதிகாரத்தைக் கீழே இறக்கிக் கொடுக்கும்போது அது யார் கைக்குப் போகிறது, சேரி வரைக்கும் வருகிறதா, ஊர் எல்லையிலேயே நின்றுவிடுகிறதா என்பதுதான் அவர் வாழ்நாளெல்லாம் கேட்ட கேள்வி. 1893-இல் கேட்டார், 1924-இல் கேட்டார், 1930-இல் கேட்டார். பஞ்சாயத்துத் தலைவர் பதவிக்கு நம்மவர்கள் போட்டியிடும் இந்தக் காலத்திலும் அந்தக் கேள்விக்கு வேலை இருக்கிறது. அதனால் அவர் வாழ்க்கையை இந்தக் கேள்வியின் வழியாகவே இந்த வாரம் பார்ப்போம்.

கோழியாளத்திலிருந்து கோவைக்கு

சீனிவாசன் 1859 ஜூலை 7 அன்று பிறந்தார். அன்றைய செங்கல்பட்டு ஜில்லாவில் நிலம் மிராசுதாரர்களிடம் இருந்தது. சேரி மக்கள் அந்த நிலத்தில் படியாட்களாக உழைத்தார்கள். குடிசை போட்ட மனையும் பெரும்பாலும் மிராசுதாரர் ஆதிக்கத்தில்தான் இருந்தது. எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் வேலையோடு வீடும் போய்விடும். கிராமத்து மக்களுக்கு அரசாங்கம் என்றால் கண்ணில் படுகிற மணியக்காரரும் கர்ணமும்தான். அவர்களும் ஊர்ப்பக்கத்து ஆட்கள். மேலே வெள்ளைக்கார கலெக்டர் நல்லவராகவே இருந்தாலும், அவருடைய உத்தரவு கர்ணத்தின் கணக்குப் புத்தகத்தைத் தாண்டித்தான் சேரிக்கு வரவேண்டும். அந்தக் கணக்குப் புத்தகத்தில் எத்தனையோ உத்தரவுகள் அடங்கிப் போயின.

சீனிவாசன் கோயம்புத்தூரில் படித்தார். அங்கிருந்த கல்லூரியில் ஏறக்குறைய 400 மாணவர்கள். பத்துப் பேர் போக மற்ற எல்லோரும் பிராமணப் பிள்ளைகள். தன் சாதியும் இருப்பிடமும் தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் அவர் மற்றப் பிள்ளைகளோடு நெருங்கிப் பழகவில்லை. வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்துவிட்டு, மணி அடித்த பிறகே வகுப்புக்குப் போவார். பாடம் முடிந்ததும் யாரும் பின்தொடர முடியாதபடி வேகமாக நடந்துவிடுவார். பல ஆண்டுகள் கழித்து, 1939-இல் வெளியிட்ட தன் வாழ்க்கைச் சுருக்கத்தில் இதை அவரே பதிவு செய்திருக்கிறார். பள்ளியிலும் கல்லூரியிலும் முகவரியைச் சொல்லத் தயங்குகிற பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தச் செய்தி தெரிந்திருக்க வேண்டும்.

படித்து முடித்து நீலகிரியில் கணக்கர் வேலை பார்த்தார். அயோத்திதாசப் பண்டிதர் அவருக்கு நெருங்கிய உறவினர். சீனிவாசனின் சகோதரியைத்தான் பண்டிதர் மணந்திருந்தார். இருவருடைய பாதையும் பின்னாளில் பிரிந்தது. பண்டிதர் பௌத்தத்தின் பக்கம் போனார். சீனிவாசன் மனு, பத்திரிகை, சட்டமன்றம் என்று அரசாங்கத்தின் வாசலிலேயே நின்று கேட்கும் வழியைத் தேர்ந்தெடுத்தார். 1890-இல் சென்னைக்கு வந்தார். பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார்.

செங்கல்பட்டு கலெக்டரின் அறிக்கை

அதே சமயத்தில் நம் மாவட்டத்தில் ஒரு முக்கியமான காரியம் நடந்துகொண்டிருந்தது. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர், இங்குள்ள பறையர் மக்களின் நிலையைப் பற்றி 1891-இல் ஓர் அறிக்கை எழுதி அரசாங்கத்துக்கு அனுப்பினார். நிலம் இல்லாததும் குடிமனை இல்லாததும்தான் இவர்களை அடிமைத்தனத்தில் வைத்திருக்கிறது என்பது அதன் சாரம். அதன் விளைவாக 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை வந்தது. இன்று நாம் பஞ்சமி நிலம் என்று சொல்லும் நிலம் அப்படி வந்ததுதான். குறிப்பிட்ட காலம் வரை விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாரைத் தவிர வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு அந்த நிலம் கொடுக்கப்பட்டது.

அரசாணை போட்டது கோட்டையில். நிலத்தை அளந்து பட்டா எழுத வேண்டியவர் கிராமத்தில் உட்கார்ந்திருந்த அதே கர்ணம். கலெக்டர் எழுதிய எழுத்து, கர்ணத்தின் எழுத்தாக மாறும் இடத்தில்தான் நம் நிலம் தொலைந்தது. நூறு ஆண்டுகள் கழிந்து, 1994-இல், மாமல்லபுரம் பக்கத்தில் காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தைத் திரும்பக் கேட்டு நம் மக்கள் போராடினார்கள். அந்த ஆண்டு அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். 1892-இல் எழுதிக் கொடுத்ததை 1994-இல் உயிர் கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது. மேலே கொடுத்த உரிமை கீழே வந்து சேராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தக் கடற்கரையிலேயே சாட்சி இருக்கிறது.

'பறையன்' பத்திரிகையும் 112 அடி மனுவும்

1893 அக்டோபரில் சீனிவாசன் ஒரு பத்திரிகை தொடங்கினார். அதற்குப் 'பறையன்' என்று பெயர் வைத்தார். பெயரைக் கேட்டு முகம் சுளித்தவர்கள் உண்டு. நம்மவர்களிலேயே வேறு பெயர் வைக்கலாமே என்று சொன்னவர்களும் உண்டு. எந்தப் பெயரைச் சொல்லி அவமானப்படுத்துகிறார்களோ அந்தப் பெயரைத் தலைநிமிர்ந்து சொன்னால்தான் உரிமையைக் கேட்க முடியும் என்பது அவர் கொள்கை. கல்லூரியில் முகவரியை மறைத்துக்கொண்டு ஓடிய அதே மனிதர்தான் தன் சாதிப் பெயரைப் பத்திரிகையின் நெற்றியில் அச்சடித்தார். மாதப் பத்திரிகையாகத் தொடங்கியது, சில மாதங்களில் வாரப் பத்திரிகையானது. 1900 வரை நடந்தது. நிலம், பள்ளிக்கூடம், கிணறு, அரசாங்க வேலை ஆகிய எல்லாவற்றையும் பற்றி அது அரசாங்கத்திடம் கேள்வி கேட்டது.

அந்த ஆண்டில்தான் அவர் தன் பெரிய கேள்வியை முதன்முதலாகக் கேட்டார். இந்திய சிவில் சர்வீஸ் தேர்வு அதுவரை இங்கிலாந்தில் மட்டும் நடந்தது. அதை இந்தியாவிலும் ஒரே சமயத்தில் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டு வந்தது. 1893 ஜூனில் பிரிட்டிஷ் பார்லிமெண்டின் மக்கள் சபை அதற்கு ஆதரவாகத் தீர்மானம் போட்டது. நாடு முழுவதும் படித்தவர்கள் மகிழ்ந்தார்கள். சீனிவாசன் எதிர்த்தார். சென்னையில் கூட்டம் கூட்டி, 3,412 பேர் கையெழுத்திட்ட மனுவைத் தயார் செய்தார். மனுவின் நீளம் 112 அடி. பார்லிமெண்ட் உறுப்பினர் ஜெனரல் செஸ்னி வழியாக அது இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தது.

இன்றைக்கு இதைப் படிக்கிற மாணவருக்குச் சங்கடமாக இருக்கலாம். இந்தியர்கள் பெரிய பதவிக்கு வருவதை ஓர் இந்தியரே ஏன் தடுக்க வேண்டும்? வெள்ளைக்காரனுக்கு ஆதரவாளர் என்று அன்றும் அவரைத் திட்டினார்கள், இன்றும் சிலர் எழுதுகிறார்கள். அவருடைய நியாயத்தை அவர் நின்ற இடத்திலிருந்து பார்க்க வேண்டும். தேர்வு இங்கே நடந்தால் அதில் தேறக்கூடிய கல்வி அன்று எந்தச் சாதிகளிடம் இருந்தது? நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத் திண்ணையில்கூட இடமில்லாத காலம் அது. கிராமத்தில் கர்ணமாக இருப்பவரின் உறவினரே மேலே கலெக்டராகவும் நீதிபதியாகவும் வந்துவிட்டால், கர்ணத்தின் மீது சேரி கொடுக்கும் புகாரை யார் விசாரிப்பது? பதவிக்கு இந்தியர் வருவதற்கு முன்னால், எல்லா இந்தியருக்கும் அந்தப் பதவியை எட்டும் படிக்கட்டு இருக்கிறதா என்று பாருங்கள் என்பதே அந்த மனுவின் உட்பொருள். வெள்ளை ஆட்சி நியாயமானது என்று நாம் சொல்லவில்லை. படியாள் முறையை அந்த ஆட்சி நெடுங்காலம் கண்டும் காணாமல் இருந்தது. நிலவரி வந்தால் போதும் என்று மிராசுதாரரோடு சமரசம் செய்துகொண்டது. ஆனால் அந்த மனு கேட்ட கேள்வி தவறு என்று யாராலும் காட்ட முடியவில்லை.

கடல் தாண்டிய 20 ஆண்டுகள்

1900-இல் சீனிவாசன் கப்பல் ஏறினார். லண்டனுக்கே போய் நேரில் முறையிட வேண்டும் என்பது எண்ணம். பயணம் ஆப்பிரிக்காவோடு நின்றது. தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன நம் ஜனங்கள் நிறைந்திருந்த நாடு அது. காந்தி அங்கே வழக்கறிஞராக இருந்தபோது சீனிவாசனுக்குப் பழக்கமானார். தமிழில் கையெழுத்துப் போட காந்திக்குக் கற்றுக்கொடுத்தவர் சீனிவாசன்தான் என்று சொல்வார்கள். சொந்த நாட்டில் குளத்தில் இறங்க முடியாத ஒருவர், அயல்நாட்டு நீதிமன்றத்தில் சட்டத்தின் மொழியைத் தினமும் மொழிபெயர்த்தார். சட்டத்தில் ஒரு சொல் இருப்பதும் இல்லாததும் ஏழையின் வாழ்க்கையை எப்படி மாற்றும் என்பதை அவர் அங்கே கண்ணால் பார்த்திருப்பார்.

1921 வாக்கில் நாடு திரும்பினார். அறுபது வயதைத் தாண்டியிருந்தார். மற்றவர்கள் ஓய்வெடுக்கும் அந்த வயதில்தான் அவருடைய சட்டமன்ற வாழ்க்கை தொடங்கியது.

இரட்டையாட்சியில் இரண்டாகப் பிரிந்த சேரி

அவர் திரும்பி வந்தபோது ஆட்சிமுறை மாறியிருந்தது. 1919-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாகாணங்களில் இரட்டையாட்சி வந்திருந்தது. உள்ளாட்சி, கல்வி, பொதுச் சுகாதாரம் போன்ற துறைகள் இந்திய அமைச்சர்களின் பொறுப்புக்கு வந்தன. நில வருவாய், போலீஸ், நிதி போன்றவை கவர்னர் பக்கமே இருந்தன. 1920-இல் சென்னை மாகாணத்தில் உள்ளாட்சிக் குழுக்களுக்கும் நகராட்சிகளுக்கும் கிராமப் பஞ்சாயத்துகளுக்கும் புதிய சட்டங்கள் வந்தன. நீதிக்கட்சி ஆட்சி அமைத்தது. அதிகாரப் பரவலாக்கம் என்று இன்று நாம் சொல்வதன் பெரிய முதல் படிகளில் அது ஒன்று.

சேரியிலிருந்து பார்த்தால் இதற்கு என்ன அர்த்தம்? கிணறு, பள்ளிக்கூடம், தெரு எல்லாம் அமைச்சர் பக்கம். தரிசு நிலப் பட்டாவும் போலீஸ் ஸ்டேஷனும் கவர்னர் பக்கம். கிணற்றில் தண்ணீர் எடுக்க உரிமை கேட்டால் உள்ளாட்சிக் குழுவிடம் போக வேண்டும். கேட்டதற்காக அடி விழுந்தால் வேறொரு பக்கம் போய் முறையிட வேண்டும். உள்ளாட்சிக் குழுக்களில் நிலமும் செல்வாக்கும் உள்ளவர்களே உட்கார்ந்திருந்தார்கள். வாக்குரிமை சொத்தையும் வரியையும் பொறுத்து இருந்ததால், நம் மக்களில் மிகச் சிலருக்கே ஓட்டு இருந்தது. சட்டசபைக்கும் நம் பிரதிநிதிகள் நியமனத்தின் வழியாகவே போக முடிந்தது. பரங்கிமலையில் பிறந்த எம்.சி. ராஜா 1920 முதல் உறுப்பினராக இருந்தார். ஆதிதிராவிடர் என்ற பெயரை அரசு ஆவணங்களில் ஏற்கச் செய்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1923-இல் சீனிவாசன் நியமிக்கப்பட்டார்.

நியமன உறுப்பினருக்குப் பின்னால் கட்சியும் கிடையாது, தொகுதியும் கிடையாது. அவர்களிடம் இருந்த ஆயுதம் கேள்வியும் தீர்மானமும்தான். சட்டசபையில் ஓர் உறுப்பினர் கேள்வி கேட்டால் அரசாங்கம் பதில் சொல்லியாக வேண்டும், பதில் அச்சாகும், அச்சானதை மறுக்க முடியாது. நம் பிரதிநிதிகள் இந்த வழியை முழுதாகப் பயன்படுத்தினார்கள்.

1924: தெரு, கிணறு, அலுவலகம்

1924 ஆகஸ்ட் 22 அன்று சீனிவாசன் சட்டசபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்த ஊரிலும் எந்தக் கிராமத்திலும் உள்ள பொதுச் சாலை, தெரு, பாதை எதிலும் எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் நடக்க ஆட்சேபணை இல்லை என்பது அதன் முதல் பகுதி. பொது அலுவலகம், கிணறு, குளம், மக்கள் கூடும் பொது இடம், பொதுக் காரியம் நடக்கும் கட்டடம் ஆகியவற்றுக்குள் சாதி இந்துக்கள் எப்படிப் போகிறார்களோ அப்படியே ஒடுக்கப்பட்ட வகுப்பாரும் போகலாம் என்பது இரண்டாம் பகுதி. தீர்மானம் நிறைவேறியது. 1924 செப்டம்பர் 25 அன்று அது அரசாணையாக வந்தது. அப்போது முதல் அமைச்சராக இருந்தவர் பனகல் அரசர்.

அதே ஆண்டில், திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கும் உரிமைக்காகப் பெரியாரும் மற்றவர்களும் சிறைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அங்கே தெருவில் நின்று கேட்டதை, இங்கே சீனிவாசன் சட்டசபையில் உட்கார்ந்து சட்டத்தின் மொழியில் கேட்டார்.

இந்தத் தீர்மானத்தில் நாம் கவனிக்க வேண்டியது இரண்டாம் பகுதியைத்தான். தெருவுக்கும் கிணற்றுக்கும் பக்கத்தில் அவர் அலுவலகத்தையும் பொதுக் காரியம் நடக்கும் கட்டடத்தையும் வைத்தார். ஏன்? உயர்சாதித் தெருவில் ஓர் அலுவலகம் இருந்தால், அந்தத் தெருவில் நடக்க முடியாதவருக்கு அந்த அலுவலகமும் இல்லை. கூட்டம் நடக்கும் இடத்துக்குள் நுழைய முடியாத உறுப்பினருக்குப் பதவி இருந்தும் அதிகாரம் இல்லை. பொது நிறுவனம் என்று பெயர் வைத்துவிட்டால் அது பொதுவாகிவிடாது, எல்லோருடைய காலும் அதன் வாசற்படியை மிதிக்க வேண்டும் என்பதை அவர் அரசாங்கத்தின் வாயாலேயே சொல்ல வைத்தார்.

அரசாணை வந்த மறுநாளே எல்லாம் மாறிவிடவில்லை. ஆட்சேபணை இல்லை என்று சொன்ன ஆணை, தடுப்பவருக்கு என்ன தண்டனை என்று சொல்லவில்லை. அந்தக் குறையைப் போக்க, கோவைப் பகுதியைச் சேர்ந்த உறுப்பினர் ஆர். வீரையன் உள்ளாட்சிச் சட்டத்தைத் திருத்த மசோதா கொண்டுவந்தார். தடுப்பவருக்கு அபராதம் என்பது அதன் பிறகுதான் சட்டத்தில் ஏறியது. ஒருவர் திறந்த கதவை இன்னொருவர் அகலப்படுத்தினார்.

பம்பாய் மாகாணத்திலும் இதே கதைதான். பொதுக் குளங்களையும் கிணறுகளையும் திறந்துவிடும் தீர்மானத்தை 1923-இல் எஸ்.கே. போலே அங்கே கொண்டுவந்து நிறைவேற்றினார். மகாடு நகராட்சி தன் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தது. அறிவிப்பு அறிவிப்பாகவே கிடந்தது. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு போய்த் தண்ணீரைக் கையில் எடுத்துக் குடித்த பிறகுதான் அந்தத் தீர்மானம் என்ன என்று நாட்டுக்குத் தெரிந்தது.

லண்டனில் இருவர்

1930 நவம்பரில் லண்டனில் முதல் வட்டமேசை மாநாடு கூடியது. இந்தியாவுக்கு எப்படிப்பட்ட ஆட்சி தருவது என்பது பேச்சு. ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் சார்பில் இருவர் போனார்கள். ஒருவர் அம்பேத்கர், வயது 39. மற்றவர் சீனிவாசன், வயது 71. அரசர் ஐந்தாம் ஜார்ஜ் கைகொடுக்க வந்தபோது, தன்னைத் தொட்டால் தீட்டு என்று சொல்லும் நாட்டிலிருந்து வந்திருப்பதாகக் கூறி சீனிவாசன் விலகி நின்றார், அரசரே அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார் என்று ஒரு செய்தியை நம் பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள்.

அதைவிடப் பெரிய காரியம், இருவரும் சேர்ந்து மாநாட்டில் கொடுத்த கோரிக்கை மனு. சுயாட்சி வேண்டாம் என்று அதில் அவர்கள் சொல்லவில்லை. பெரும்பான்மையினரின் ஆட்சியை ஏற்க என்னென்ன நிபந்தனைகள் என்று வரிசையாக எழுதிக் கொடுத்தார்கள். சமமான குடியுரிமை, தீண்டாமை குற்றம் என்ற சட்டம், சமூகப் பகிஷ்காரத்துக்குத் தண்டனை, சட்டசபைகளில் போதிய பிரதிநிதித்துவம், அரசு வேலையில் பங்கு, தனித் துறை, அமைச்சரவையில் இடம் எல்லாம் அதில் இருந்தன. தங்கள் நலனை மாகாண அரசு புறக்கணித்தால் மேலே முறையிடும் உரிமையும் வேண்டும் என்று கேட்டார்கள்.

1893-இல் அதிகாரத்தை இறக்காதீர்கள் என்று மனு போட்டவர், 1930-இல் இறக்குங்கள், இந்தக் காவல்களோடு இறக்குங்கள் என்றார். முப்பத்தேழு ஆண்டுகளில் அவர் கேள்வி முதிர்ந்திருந்தது. தடுப்பதால் பயனில்லை, நிபந்தனை எழுதி வாங்குவதே வழி என்ற முடிவுக்கு அவர் வந்திருந்தார். 1931-இல் நடந்த இரண்டாம் மாநாட்டிலும் இருவரும் கலந்துகொண்டார்கள்.

1932 ஆகஸ்டில் தனித்தொகுதி உரிமை அறிவிக்கப்பட்டது. காந்தி எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. அதில் சீனிவாசனின் கையெழுத்தும் இருக்கிறது. தனித்தொகுதி போனது, பொதுத் தொகுதியில் ஒதுக்கீடு வந்தது. சென்னை மாகாணத்துக்கு 30 இடங்கள். அது லாபமா நஷ்டமா என்று இன்றுவரை நாம் விவாதிக்கிறோம். அந்த விவாதத்தில் பலர் மறந்துவிடுகிற ஒரு பிரிவு அந்த ஒப்பந்தத்தில் உண்டு. உள்ளாட்சித் தேர்தலிலோ அரசு வேலையிலோ ஒடுக்கப்பட்ட வகுப்பார் என்ற காரணத்தால் யாருக்கும் தடை இருக்கக் கூடாது, அவற்றில் நியாயமான பிரதிநிதித்துவம் கிடைக்க முயற்சி எடுக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. பஞ்சாயத்தில் நமக்கு இடம் வேண்டும் என்ற கோரிக்கை அன்றே காகிதத்தில் ஏறிவிட்டது.

சீனிவாசன் 1930-களின் கடைசி வரை சட்டமன்றத்தில் இருந்தார். ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் என்று அரசாங்கம் பட்டங்கள் கொடுத்தது. 1945 செப்டம்பர் 18 அன்று காலமானார். சுதந்திரத்துக்கு இரண்டு ஆண்டுகளே இருந்தன.

இன்று கேட்க வேண்டியவை

பூனாவில் எழுதியது சட்டமாகி ஊர் ஊருக்கு வர அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் வந்தது. மக்கள்தொகைக்கு ஏற்பப் பட்டியல் சாதியினருக்குத் தலைவர் பதவிகளும் ஒதுக்கப்பட்டன. அதன் பிறகு நடந்தது நமக்குத் தெரியும். மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு ஐந்து பேரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஊராட்சிகளில் பத்து ஆண்டுகள் முறையான தலைவர் வர முடியவில்லை. 2006-இல்தான் தேர்தல் ஒழுங்காக நடந்தது. 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலைவரைத் தரையில் உட்கார வைத்தார்கள். அதே ஆண்டு திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலைவரைக் கொடி ஏற்ற விடவில்லை. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது. தெரு, கிணறு, அலுவலகம் என்று சீனிவாசன் 1924-இல் எழுதிய மூன்றும் இன்றும் வழக்கில் இருக்கின்றன.

நம் மாவட்டத்துக்கு வருவோம். 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. செங்கல்பட்டு தனி மாவட்டமானது 2019 நவம்பரில். ஊரக உள்ளாட்சித் தேர்தல் இங்கே நடந்தது 2021 அக்டோபரில். இடையில் ஐந்து ஆண்டுகள் தனி அலுவலர்கள்தான் ஊராட்சிகளை நடத்தினார்கள். ஒரு முழுப் பதவிக்காலம் தேர்தல் இல்லாமலேயே போயிற்று. நாம் தலைவராக வந்திருக்கக் கூடிய ஊராட்சிகளில் அந்த ஐந்து ஆண்டுகளை யார் திருப்பித் தருவது? 2021-இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் ஐந்தாண்டுக் காலமும் 2026 அக்டோபரோடு முடியும். அடுத்த தேர்தல் காலத்தோடு நடக்க வேண்டும் என்று கேட்பதுதான் சீனிவாசனுக்குப் போடும் முதல் மாலை.

மற்றக் கேள்விகளும் கையிலேயே இருக்கின்றன. சட்டசபையில் சீனிவாசனுக்கு இருந்த கேள்வி கேட்கும் உரிமை, கிராம சபையில் ஓட்டுரிமை உள்ள ஒவ்வொருவருக்கும் இருக்கிறது. குடியரசு தினம், தண்ணீர் தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1 உள்ளாட்சி தினம் என்று ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூட வேண்டும். கூட்டத்தைக் குக்கிராமம் குக்கிராமமாகச் சுழற்சியில் நடத்த வேண்டும், மதம் சார்ந்த வளாகத்தில் நடத்தக் கூடாது என்பது அரசின் அறிவுறுத்தல். கடைசியாக எப்போது நம் காலனியில் கூட்டம் நடந்தது என்று கேட்போம். ஊராட்சியின் வரவு செலவை அங்கே வாசிக்கச் சொல்வோம். காசோலையில் தலைவரோடு துணைத்தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பது இங்குள்ள முறை. நம்மவர் தலைவராக இருக்கும் ஊராட்சியில் துணைத்தலைவர் கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்தால் எத்தனை வேலை நின்றது என்பதை எழுதிக் கேட்போம். தலைவரை வேலை செய்ய விடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம் என்பதையும் தெரிந்துவைப்போம்.

வாயால் கேட்டுப் பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில். நம் ஊரில் எத்தனை ஏக்கர் பஞ்சமி நிலம் பதிவாகியிருக்கிறது, இன்று யார் பெயரில் இருக்கிறது என்று கல்லூரியில் படிக்கும் ஒரு மாணவர் ஒரு தாளில் எழுதிக் கேட்கலாம். 2024-இல் ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்துக்குத் தனிச் சட்டமே வந்திருக்கிறது. அந்தப் பணத்தில் நம் பகுதிக்கு என்ன வந்தது என்றும் கேட்கலாம்.

அன்று 3,412 பேர் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெயர்கூட நமக்குத் தெரியாது. படிக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவாக இருந்த காலத்தில், ஒட்டி ஒட்டி 112 அடி நீளத்துக்கு ஒரு கேள்வியைச் சுருட்டிக் கடல் கடந்து அனுப்பினார்கள். நமக்கு ஒரு தாளும் ஒரு பேனாவும் போதும். அடுத்த கிராம சபைக்கு அவற்றோடு போவோம்.